இரண்டு பேருக்கான மருந்து

என் தங்கைக்குத் தேவைப்பட்ட மருந்து ஒரு பெட்டியில் இரண்டு பேருக்கான அளவாக வந்தது.

கொரோனாவின் இரண்டாவது அலை அப்போதுதான் தணியத் தொடங்கியிருந்தது. தங்கை நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவள். புதிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவள் தினமும் விழுங்கும் மாத்திரைகள், அவளுடைய எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்கிவைத்திருந்தன. தடுப்பூசியை அதிகம் நம்ப வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் அவளைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம்.

டாக்டரம்மா ஒரு தாளில் 'மோனோக்ளோனல் ஆன்டிபாடி' என்று எழுதிக் காட்டினார். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். கிருமியை எதிர்க்க உடம்பு தானே உண்டாக்க வேண்டிய எதிர்ப்புரதத்தை ஆய்வகத்தில் செய்து ரத்தத்தில் ஏற்றுவது. முந்தைய வாரம்தான், நான் பிழை திருத்தும் நாளிதழுக்கு வந்த அதைப் பற்றிய செய்தி ஒன்றை, இங்கே யாருக்குக் கிடைக்கப்போகிறது என்ற நினைப்பில், நாலு வரியாகக் குறைத்து அச்சுக்கு அனுப்பியிருந்தேன்.

கிடைக்கும் என்றார் டாக்டர். மதுரையிலிருந்து குளிர்பெட்டியில் வர வேண்டும். தட்டுப்பாடு என்பதால் இரண்டு நோயாளிகளின் பெயர் இருந்தால்தான் ஒரு பெட்டி அனுப்புவார்கள். இன்னொரு விஷயத்தையும் அழுத்திச் சொன்னார். நோய் முற்றுவதற்கு முன்பே ஏற்ற வேண்டிய மருந்து இது. ஆக்சிஜன் வைக்கும் நிலை வந்துவிட்டால் பிறகு கொடுக்க முடியாது. அன்று காலை தங்கையின் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றாறு. பதினொரு மணிக்குத் தொண்ணூற்றைந்து.

இரண்டாவது ஆளாக டாக்டரின் மனதில் ஒருவர் இருந்தார். தேங்காய்ப்பட்டணத்துக்காரர், வள்ளம் வைத்திருக்கும் மீனவர், அறுபது வயது, சர்க்கரை நோயாளி, கனத்த உடம்பு. முந்தின நாள் பரிசோதனையில் தொற்று உறுதியாகியும் சேரமாட்டேன் என்று வீட்டுக்குப் போய்விட்டார். டாக்டர் கூப்பிட்டுச் சொல்லியும் வரவில்லை. அவரிடம் சம்மதம் வாங்கி, அவருடைய போன் எண்ணை டாக்டர் எனக்குக் கொடுத்தார்.

மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் நின்று அவரிடம் போனில் பேசினேன். மருந்து எப்படி வேலை செய்யும், ஏன் சீக்கிரம் ஏற்ற வேண்டும் என்று செய்தி எழுதுகிற ஒழுங்கில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு ஒரு நோவும் கொழப்பமும் இல்ல சார். சாளை வறுக்க மணம் நல்லா கிட்டுது. மணம் போனவனுக்குத்தானே கொரோனா?"

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அவரு சொல்லத நம்பாதீங்க சார். மீன் மணம் மட்டும்தான் கிட்டும். நான் விளிச்சா காது கேக்காது."

அவர் சிரிக்கவில்லை. போன மாதம் அவருடைய அண்ணன் இதே நோய்க்கு ஆஸ்பத்திரிக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. டிரிப்பு ஏற்றிய பிறகு கரைக்கு வந்த ஆளை அவர் பார்த்ததில்லை என்றார். வரமாட்டேன் என்று போனை வைத்துவிட்டார்.

வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை. தங்கையிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். என்னையும் இணைப்பில் வைத்தபடியே அவரைக் கூப்பிடச் சொன்னாள்.

"அண்ணாச்சி, நான் சாருக்க தங்கச்சி, டீச்சராக்கும் பேசுதேன். மருந்து ரெண்டு பேருக்கு உள்ளது. நீங்க இல்லேன்னா எனக்கும் கிடையாது. எனக்கு ஒரு ஆள் வேணும்."

அவர் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"டீச்சருக்குப் பிள்ளைங்க உண்டா?"

"ஒரு பொண்ணு. ஏழாம் கிளாஸ்."

"கரையில வள்ளம் தள்ள ஒரு கை கொறையுதுன்னு விளிச்சா, எனக்கு வயிறு வலிக்குன்னு எவனாவது சொல்லுவானா டீச்சரே? வாறேன்."

அன்று மாலையே வந்து சேர்ந்தார். தோளில் ஒரு துணிப்பை, சலவை செய்த வெள்ளைச் சட்டை. மறுநாள் காலை பெட்டி வந்தபோது தங்கையின் அளவு தொண்ணூற்று நான்கு. இரண்டு கட்டில்களையும் அருகருகே போட்டிருந்தார்கள். ஒரே குப்பியிலிருந்து நர்ஸ் இரண்டு பேருக்கும் மருந்தை எடுப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதலில் டீச்சருக்கு என்று மீனவர் தன் கையை இழுத்துக்கொண்டாராம். ஐம்பத்தைந்து நிமிடத்தில் அவளுக்கு ஏற்றி முடித்து, பிறகு அவருக்கு ஏற்றினார்கள். அடுத்த ஒரு மணி நேரமும் யாராவது பக்கத்தில் நின்று நாடி பார்த்தபடி இருந்தார்கள்.

தங்கையின் அளவு தொண்ணூற்று நான்குக்குக் கீழே இறங்கவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

மருந்துதான் காப்பாற்றியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அது இல்லாமலும் பிழைத்தவர்கள் உண்டு. பிறகு வந்த உருமாறிய கிருமிகளிடம் அந்த மருந்து எடுபடவில்லை, கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அது வேலை செய்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது. அதைக் கண்டுபிடித்தவர்களையும், மதுரையிலிருந்து கொண்டுவந்த டிரைவரையும், வார்டில் நின்ற நர்ஸ்களையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடமும் மீனவரின் மனைவியிடமும் ஒன்று சொன்னார். அந்த வாரம் என் தங்கைக்காகப் பயந்த அளவு மீனவருக்காகவும் பயந்தாராம். சர்க்கரை கட்டுக்குள் இல்லை, இதயமும் பலவீனம். இன்னும் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்திருந்தால் எதுவும் செய்திருக்க முடியாமல் போயிருக்கலாம் என்றார்.

வள்ளம் தள்ளக் கைகொடுத்தவருக்கு மீன் கொடுப்பது கரையில் வழக்கம். மீன்காரருக்கு மீன் கொடுக்க முடியாது என்று தங்கை அந்த ஆண்டு ஒரு மட்டி வாழைப்பழக் குலையை எடுத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் போனாள். நானும் போனேன். வீட்டுக்கு வந்திருந்தவர்களிடம் அவர் எங்களை அறிமுகம் செய்தார். நாகர்கோவிலில் ஒரு டீச்சருக்கு வேண்டி, ஒரு நோவும் இல்லாத தான் போய் டிரிப்பு ஏற்றிக்கொண்டதாகச் சொன்னார். பிழையைக் கண்டால் திருத்துவது முப்பது வருடப் பழக்கம். நான் வாயைத் திறந்தேன்.

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சொல்லாண்டாம் சார். அடுத்த தடவையும் விளிச்சா அவரு வரணும்லா."