மடங்காத ஃபுட்ரெஸ்ட்

நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கிறேன். எதிலும் சிறு ஆட்டம் இருந்தால்கூட எனக்குப் பொறுக்காது. நான் உயரம் என்பதால் பைக் ஓட்டினால் முழங்கால் வலிக்கும். அதற்காக ஃபுட்ரெஸ்ட்டை இரண்டு அங்குலம் கீழே இறக்கினேன். மேல்பக்கமாக மடங்கும் மூட்டு லொடலொடவென்று ஆடியதால், அதையும் வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டேன்.

அந்த ஞாயிறு மனைவியோடு கொண்டாப்பூர் போனேன். ஒரு வளைவில் வண்டியைச் சாய்த்ததும், ஃபுட்ரெஸ்ட் தரையில் ஊன்றிப் பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டது. வண்டி குறுக்கே ஓடி, ஓரத்து மணல் குவியலில் செருகி நின்றது. நல்லவேளை, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. இருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை.

மனைவி சேலையில் ஒட்டிய மணலை உதறிக்கொண்டே, "வேற எதையாச்சும் வெல்டு வெச்சிருக்கீங்களா? இப்பவே சொல்லிடுங்க" என்றாள்.

"இல்ல" என்றேன்.

"சரி. ஆனா எனக்கு இந்த வண்டி நக்கோ, வேணவே வேணாம். நான் ஆட்டோல வரேன்."

தரையில் பட்டால் மடங்கிக்கொள்ளத்தான் அந்த மூட்டு என்பது மெக்கானிக் சொல்லித்தான் புரிந்தது. பழையபடியே மாற்றிவிட்டு, முழங்காலுக்காக சீட்டை உயர்த்திக்கொண்டேன். இப்போதெல்லாம் எது ஆடினாலும், அது எதற்காக ஆடுகிறது என்று முதலில் விசாரிக்கிறேன்.

மனைவியும் மறுபடி வண்டியில் ஏறுகிறாள், என் ஃபுட்ரெஸ்ட்டைக் காலால் ஒருமுறை மடக்கிப் பார்த்துவிட்டு.