தூக்குப்போசியில் வந்த பவளம்

ராமேஸ்வரத்திலிருந்து கோவை வரும் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் அந்த அம்மா இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, மடியில் எவர்சில்வர் தூக்குப்போசி. அடிக்கடி மூடியைத் திறந்து முந்தானையால் விசிறுவார். உள்ளே கடல்தண்ணீரில் கைப்பிடியளவு பவளப்பாறைத் துண்டு, உயிரோடு.

"ஏனுங்கம்மா, இதை ஒடிச்சுட்டு வந்தா போலீஸ் புடிக்குமுங்களே?" என்றேன். என்னையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் என்ற பயம் எனக்கு.

"புடிக்கட்டுமுங்க. கடலு சூடேறிப் பாதிப் பவளம் வெளுத்துச் செத்துப்போச்சுன்னு படகுக்காரரு சொன்னாருங்க. அங்க வெந்து சாகறதுக்கு, பல்லடத்துல எங்க ஊட்டுத் தொட்டியில குளுகுளுன்னு கெடக்கட்டும்."

"தொட்டியில நல்ல தண்ணியாச்சுங்களே, செத்துப்போகுமுங்க."

"உப்புப் போட்டுக்கறேன் கண்ணு. இதுக்கெல்லாமா இப்படிப் பயப்படுவாங்க?"

தாராபுரம் தாண்டி மறுபடி திறந்தபோது, பவளத்தின் கிளைகளில் கோழை போல ஏதோ வழிந்துகொண்டிருந்தது.

"பாவம், வேர்க்குது பாருங்க" என்று வேகமாக விசிறினார். அது சாகத் தொடங்கிவிட்டதோ என்று எனக்குப் பட்டது.

பல்லடத்தில் இறங்கியவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை; ஜன்னல் வழியே பார்த்தேன். எதிரே இருந்த மளிகைக் கடைக்கு ஓடிக் கல்லுப்பு கேட்டார். பவளத்தை ஒடித்ததும் அந்தக் கைதான், விசிறியதும் அந்தக் கைதான். அவரைத் திட்டுவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.