சத்தம் போடாத விடுதிக்காரி

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருடமாக ஊசி குத்துகிறவளுக்குப் 'பஞ்சுக்கை' என்று பெயர். குத்தியதே தெரியாது என்பார்கள். அந்தப் பகுதி நாடகக் குழுவில் அவளுக்கு எப்போதும் அழுகிற அத்தை வேஷம்தான். இந்த முறை இயக்குநர் விடுதிக்காரி வேஷத்தைக் கொடுத்துவிட்டார். கைக்குழந்தைக்காரியை ஈவிரக்கமில்லாமல் அறையைவிட்டு வெளியேற்றுகிறவள்.

"இந்தப் பூனையும் பால் குடிக்குமா?" என்று குழுவே சிரித்தது.

மூன்று வாரம் கத்தினாள். கண்ணை உருட்டினாள், மேசையை அறைந்தாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். இயக்குநர் ஒத்திகையை நிறுத்தினார்.

"அவ கெட்டவன்னு நீ காட்டறம்மா. அவளுக்கே அது தெரியாது. அவளப் பொறுத்தவரைக்கும் அவ நல்லவ."

"எனக்கு வரல சார். வேற ஆளப் போட்டுடுங்க."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம்."

வெள்ளிக்கிழமை காலை, ஆறடி ஆள் ஒருவர் ஊசியைப் பார்த்து நடுங்கினார்.

"இன்னிக்கு வேணாம்க்கா. நாளைக்கு வர்றேன்."

"ஒண்ணுமே இல்லண்ணே. பசங்க நல்லா இருக்காங்களா?" என்று மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது. குழாயில் ரத்தம் ஏறும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேண்டாம் என்றுதானே சொன்னார்? சிரித்துக்கொண்டே அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அவள் கத்தவில்லை. பெட்டியைத் திறந்தாள். குழந்தையின் சட்டைகளை ஒவ்வொன்றாக நீவி மடித்து அடுக்கினாள். "வெயிலுக்கு முன்னாடி கெளம்பிடும்மா. பாப்பாவுக்கு ஆகாது" என்றாள், அவ்வளவு பரிவாக.

கைக்குழந்தைக்காரியாக எதிரே நடித்த தையல்காரி வசனமே மறந்து நின்றாள்.

"நிஜமாவே என்ன அனுப்பிடுவாங்கன்னு தோணிடுச்சு சார்!"

இயக்குநர் பிரதியில் அரைப்பக்க வசனத்தை அடித்தார். "இது எதுவும் உனக்கு வேணாம். சிரிப்ப மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கோ." அதைக் குறைக்கவே பத்து ஒத்திகை பிடித்தது.

அரங்கேறிய அன்று அவள் சட்டை மடிக்கையில் இருமல் சத்தம்கூட இல்லை. திடீரென்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து, "அடிப்பாவி! பச்சப் புள்ளடி அது!" என்று கத்தினார். பஞ்சுக்கை திரும்பவில்லை. அடுத்த சட்டையை எடுத்து நீவினாள்.

கடைசியில் வணங்க வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. கைதட்டல் ஓயவேயில்லை. தையல்காரி அவளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

திட்டிய அம்மாள் ஒப்பனை அறைக்கே தேடிக்கொண்டு வந்து, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது? இவ்ளோண்டுதான் இருக்கியா?"

"நானேதாம்மா!" என்றாள் பஞ்சுக்கை.