வாயில் வைத்துப் பார்க்காத சாம்பார்

எழுபத்தேழாம் வருஷம் ஆனி மாதம், திருவள்ளூர் எம்பார் தம் நாற்பத்திரண்டாவது வயதில் முதல் முறையாக உத்தியோகத்துக்குப் போனார். அதுவரை அவர் செய்தது உத்தியோகமில்லை, கைங்கர்யம். கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை பண்ணுவது. பங்காளிகள் பெருகப் பெருக முறை சுருங்கி, வருஷத்தில் இரண்டு மாதம்தான் அவர் பங்குக்கு வந்தது. மீதிப் பத்து மாதமும் வீட்டில் மூன்று பெண் குழந்தைகளுக்குப் பசிக்கத்தானே செய்யும்? கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த இரும்பு உருக்கும் கம்பெனியின் கேன்டீனுக்குச் சமையல் ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும், "போய்ட்டு வாங்கோ, அடுப்பு எங்கே இருந்தா என்ன?" என்று மனைவி பங்கஜவல்லிதான் பிடித்துத் தள்ளினாள்.

கேன்டீன் சூப்பர்வைசர் தானியேல் கறாரான ஆள். முன்பிருந்த சமையல்காரர் ஒரு நாள் சாம்பாரில் உப்பை அள்ளிக் கொட்டிவிட, ஆட்கள் தட்டைக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போகமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது தானியேல். அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டார்: சமைத்தவர் அவர் கண்ணெதிரே ருசி பார்த்த பிறகுதான் அண்டா வெளியே போகும்.

இது தெரியாத எம்பார், மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். படைக்கிற பண்டத்தில் மூச்சுக்காற்றுகூடப் படக்கூடாது என்பது மடைப்பள்ளிப் பழக்கம்.

"இன்னா ஐயரே, பல்லு வலியா?" என்றார் தானியேல்.

ஐயர் இல்லை, ஐயங்கார் என்று திருத்த வாயெடுத்தார். வந்த அன்றைக்கே வம்பு எதற்கு என்று விட்டுவிட்டார்.

சாம்பார் கொதித்து இறங்கியது. தானியேல் ஒரு டம்ளரில் மொண்டு நீட்டினார். "குடிச்சுப் பாத்து சொல்லு."

"நான் பார்க்கப்படாது. படைக்கறதுக்கு முன்னாடி வாயில வெச்சா எச்சில் ஆயிடும்."

"இங்க எந்த சாமிக்குப் படைக்கப் போறே? பேஜாரு பண்ணாதே ஐயரே. வாயில வெக்கலன்னா அடுத்த பஸ்ஸுல ஊடு போய்ச் சேரு."

எம்பாருக்கு வீம்பு ஒன்றுமில்லை, துண்டை இறக்கிவிட்டு டம்ளரை வாய்வரை கொண்டுதான் போனார். கை போனது, வாய் திறக்கமாட்டேன் என்றது. சின்ன வயசிலிருந்தே அப்படிப் பழகிய வாய். வெறுங்கையோடு பங்கஜவல்லி முன்னால் போய் நிற்பதை நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் செங்கல்வராயன். பழவேற்காட்டுப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்து ஆள், இப்போது உலையில் வேலை. "சோறு ஆச்சா? காலைல நாஷ்டாகூட துன்னல" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

எம்பார் பரபரவென்று ஒரு தட்டில் சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, அவர் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னா ஐயரே, சோத்தைப் போட்டுட்டு அந்தாண்ட திரும்பிக்கினே?"

பெருமாள் அமுது செய்யும்போது திரை போட்டுவிடுவார்கள், யாரும் பார்க்கக்கூடாது. இதை இவரிடம் எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது? "பழக்கம்" என்றார் எம்பார், திரும்பாமலே. "எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் கீது. உப்புதான் பத்தல. உலையாண்ட நின்னா ஒடம்புல கீற உப்பெல்லாம் வேர்வையா பூடுது நைனா."

தானியேலின் முகம் சுண்டிப்போனது. எம்பாருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கேட்டதற்குப் பதில் வருகிறதே! உப்பைக் கரைத்து ஊற்றிக் கிளறி, தட்டில் இன்னொரு கரண்டி விட்டார். "இப்ப கரீட்டு" என்று தலையை ஆட்டினார் செங்கல்வராயன்.

உடனே எம்பார் ஒரு டம்ளர் சாம்பாரை மொண்டு, ஆற்றி, தானியேல் கண்ணெதிரே அண்ணாந்து குடித்தார். "படைச்சாச்சு. இனிமே நான் சாப்பிடலாம்" என்றார்.

அவர் நாக்குக்கு உப்பு தூக்கலாகத்தான் இருந்தது. இருந்தால் என்ன, உலையில் நிற்பது அவரில்லையே.

சங்கு ஊதியது. ஆட்கள் திமுதிமுவென்று வந்தார்கள். "இன்னொரு கரண்டி ஊத்து ஐயரே", "இந்தாண்ட வா ஐயரே" என்று நாலு பக்கமும் கூப்பாடு. எம்பார் வாளியும் கையுமாக ஓடினார், சிரித்துக்கொண்டே ஓடினார். இத்தனை வருஷத்தில் பெருமாள் ஒரு நாளாவது இன்னொரு கரண்டி கேட்டிருப்பாரா?

கூட்டம் கலைந்ததும் தானியேல் தம் தட்டைக் கொண்டுவந்து உட்கார்ந்தார். நாலு வாய் சாப்பிட்டார். பிறகு கேட்டார்:

"நாளைக்கு இன்னா கொழம்பு வெக்கப் போறீங்க ஐயரே?"