அன்றைக்கு நகராத வண்டி

லாரியை நிறுத்தி, கியரில் போட்டு, கைபிரேக்கை இழுத்து இறங்கியதும் லிங்கசாமி பின்சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். வைத்த கல்லைக் காலால் இரண்டு முறை உதைத்துப் பார்க்கிறார். அதன் பிறகுதான் பீடி. சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாகப் பச்சைக்கொழுந்து லாரி ஓட்டுகிறார். ஆளே இல்லாத வளைவிலும் ஹாரன் அடிப்பார். ஏற்றத்தில் வண்டி முனகினால், "மெதுவா வாங்க, அவசரமில்லீங்க" என்று அதனிடமும் மரியாதையாகப் பேசுவார். புதிதாகச் சேரும் டிரைவர்களிடம் சூப்பர்வைசர் சொல்வது ஒன்றுதான்: "லிங்கசாமி அண்ணன் மாதிரி ஓட்டு."

அதனால்தான் வேலாமணியின் வக்கீல் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். வேலாமணி அங்கே கொழுந்து பறிக்கும் பெண். எடை போடும் கொட்டகைக்கு மேலே, சரிவில், டக்ளஸ் என்ற டிரைவர் நிறுத்திவிட்டுப் போன லாரி உருண்டு வந்து வேலாமணியின் வலது காலைச் சுவரோடு நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கல் வைக்கவில்லை என்று டக்ளஸே ஒப்புக்கொண்டார். எல்லா டிரைவரும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள், இதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது என்றது எஸ்டேட் தரப்பு.

ஊட்டி கோர்ட்டில் தோட்டத்து ஆட்களோடு நானும் இருந்தேன்.

"கவனமான டிரைவர் அந்தச் சரிவில் என்ன செய்வார்?" என்று கேட்டார் வேலாமணியின் வக்கீல்.

"கல்லு வெச்சுட்டுத்தானுங்க அந்தப்பக்கம் நவுருவாரு."

எஸ்டேட் வக்கீல் எழுந்தார். "அதே சரிவில் நீங்கள் ஒருமுறைகூடக் கல் வைக்காமல் போனதில்லையா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அந்த நிமிடம் வரை அந்த நாள் தன் நினைவிலேயே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"ஒருக்கா போயிருக்கேனுங்க. ரெண்டு வருசம் முந்தி. நல்ல மழை. நனையாம ஓடிட்டேன். கீழ இருவது பொம்பளைங்க நின்னாங்க. அன்னைக்கு வண்டி நவுரலீங்க. அவ்வளவுதான்."

ஊன்றுகோலை மடியில் வைத்திருந்த வேலாமணி அவரையே பார்த்தார். அந்த இருபது பேரில் அவரும் ஒருவர்.

வழக்கு போயிற்று என்றே நினைத்தோம். போகவில்லை. தீர்ப்பு நாளன்று நீதிபதி வாசித்தார்: எத்தனை பேர் தவறுகிறார்கள் என்பது கேள்வியே அல்ல, சாதாரண அறிவும் கவனமும் உள்ள ஒருவர் அங்கே என்ன செய்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கல் வைக்காத அந்த நாளில் லிங்கசாமியும் கவனக்குறைவானவர்தான். யாருக்கும் அடிபடவில்லை, அதனால் யாரும் அவரைக் கேட்கவில்லை. வேலாமணிக்கு நஷ்டஈடு கிடைத்தது.

"செரியாத்தானுங்க சொன்னாரு" என்றார் லிங்கசாமி.

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் தோட்டத்து ஆட்கள் கூடியிருந்தார்கள். டக்ளஸ் மட்டும் தூறலில் தள்ளி நின்றிருந்தார். யாரும் அவரோடு பேசவில்லை. பெஞ்சில் இருந்த லிங்கசாமி கொஞ்சம் ஒதுங்கி, பக்கத்தில் ஈரமாகக் கிடந்த இடத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, டக்ளஸை நிமிர்ந்து பார்த்தார்.