குழாய்க்குக் காவல்

போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில், பேச்சிப்பாறை அணைக்குக் கீழே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நடந்தது இது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் இயற்பியலில் முதுகலை வரை போனேன். இதைச் சொல்லும்போது இப்போதும் என் தலை கொஞ்சம் நிமிரும். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பேச ஆளில்லாமல் போயிற்று. அப்பாவுக்குக் கேரளத்தில் கொத்தனார் வேலை. மாதம் ஒருமுறை வருவார். அம்மா விடிந்ததும் அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போய்விட்டு மாலை பஸ்ஸில்தான் திரும்புவாள். கூடப் படித்தவர்கள் கல்யாணமாகியோ வேலை கிடைத்தோ எங்கெங்கோ போய்விட்டார்கள். நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, பகல் முழுக்க ரப்பர் இலை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம், நாங்கள் மரச்சீனி என்று சொல்லும் மரவள்ளிக் கிழங்கைக் காட்டுப்பன்றிகள் கிளறித் தின்றன. அவற்றை விரட்ட, கைபேசியில் வீடியோ பார்த்து பி.வி.சி. குழாயில் ஒரு காற்று பீரங்கி செய்தேன். பெரிய குழாயில் சைக்கிள் பம்பால் காற்றை அடைக்க வேண்டும். வால்வைச் சட்டென்று திறந்தால், முன்னாலுள்ள ஒல்லிக் குழாயிலிருந்து ஈரத்துணி உருண்டை பறக்கும். சத்தம் மலையில் மோதித் திரும்பி வரும். பன்றி வராத நாளிலும் ஒரு தடவை அடித்துப் பார்ப்பேன். சில நாட்களில் என்னோடு பேசிய ஒரே குரல் அந்த எதிரொலிதான்.

ஒருநாள் காலையில் தோழியின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது காலடியில் வெள்ளைப் புகையை விட்டார்கள். மேடையேறி அவளோடு ஒரு படம் எடுத்தேன். அடுத்த கூட்டம் ஏறியதால் இறங்கிவிட்டேன். தனியாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, அலங்காரக்காரர்களிடம் மிச்சமிருந்த டிரை ஐஸைக் கேட்டேன். தெர்மோகோல் பெட்டியோடு கொடுத்துவிட்டார்கள்.

கரியமில வாயு உறைந்த கட்டிதான் டிரை ஐஸ். அது உருகித் தண்ணீராகாது. நேராக வாயுவாகி, பல நூறு மடங்கு விரியும். தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பாடம். பம்பு அடிக்காமலே அழுத்தம் கிடைக்குமே என்று, வீட்டுக்கு வந்ததும் ஒரு கட்டியைக் குழாய்க்குள் போட்டு மூடியைத் திருகி இறுக்கினேன். கைபேசியைப் பக்கத்து மண்சுவரில் சாய்த்து, வீடியோவை ஓட விட்டேன்.

அழுத்தம் காட்டும் முள் மெல்ல ஏறியது. வழக்கமான அளவு வந்ததும் வால்வைத் திருப்பினேன். அசையவில்லை, குளிரில் இறுகிவிட்டிருந்தது. இரண்டு கையாலும் முறுக்கியதில் கைப்பிடி உடைந்து கையோடு வந்தது. முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது. குழாயின் மேல் வெண்பனி படர்ந்திருந்தது. என் கை நின்றால் பம்பு நிற்கும். இது நிற்காது என்று அப்போதுதான் உறைத்தது. குளிர்ந்த பிளாஸ்டிக் கண்ணாடி போலச் சிதறும் என்பதும் நினைவுக்கு வந்தது. கைபேசியைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

ஓடி மரத்துக்குப் பின்னால் நின்றபோதுதான் குழாயின் மூடிப் பக்கம் ஒற்றையடிப் பாதையை நேராகப் பார்த்தபடி இருப்பதைக் கண்டேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மலைக் குடியிருப்புக்கு ஏறும் பாதை அது. கொஞ்ச நேரத்தில் அண்டியாபீஸ் பெண்கள் கீழிருந்து அதில்தான் வருவார்கள். அம்மாவும் வருவாள். மேலிருந்தும் ஆட்கள் இறங்குவார்கள். நடுவில் வளைவு இருப்பதால் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாது. மரங்களுக்குள் சுற்றி மேலே ஓடினேன், கீழே ஓடினேன், திரும்ப மேலே. அக்கம்பக்கத்தில் கூப்பிட ஒரு வீடில்லை.

மேலே இரண்டாம் முறை போனபோது, தலையில் துணிமூட்டையோடு ஓர் அம்மா இறங்கி வந்துகொண்டிருந்தார். தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து நைட்டியும் போர்வையும் கொண்டுவந்து விற்பவர்களில் ஒருவர் போல. அதற்கு முன் பார்த்ததில்லை. கையை விரித்து மறித்தேன்.

"என்ன மக்களே, பாம்பா?"

"இல்ல. கீழ ஒரு குழாய் கெடக்கு. வெடிக்கப் போவுது. நான்தான் வச்சேன். கீழயிருந்தும் ஆளு வரும், அங்கயும் ஓடி மறிக்கணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். குழாய் என்றால் என்ன, ஏன் வைத்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை.

"அங்கயும் இங்கயும் ஓடிட்டா நிக்கா? நீ கீழ போ. இங்கன நான் இருக்கியேன். ஒருத்தரயும் விட மாட்டேன்."

மூட்டையைப் பாதையின் குறுக்கே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் கீழே போய்ச் சேரவும் பெண்கள் வரவும் சரியாக இருந்தது. வழியை மறித்ததும் அம்மாவோடு வேலை பார்க்கும் ஓர் அக்கா சிரித்தாள். "எட்டி, எம்மெஸ்சி படிச்சது குழாய்க்குக் காவல் நிக்கவா?"

"காலு கடுக்குது, வழிய விடுட்டி," என்றாள் அம்மா. "எனக்க வீட்டுக்குப் போவ எனக்கு ஒனக்க பெர்மிசன் வேணுமா?"

"வெடிக்கும்மா. சொன்னா கேளு."

"நீ தெனமும் வெடிக்கியதுதான?"

அம்மா என்னை ஒதுக்கிவிட்டு நடந்தாள். நான் அவள் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். தூக்குவாளி தரையில் உருண்டது. பெண்கள் பின்னால் சிரித்தார்கள். பெரிய பெண்ணான பிறகு நான் அம்மாவை அப்படிக் கட்டிப்பிடித்ததே இல்லை. அப்போது மேலே ஒரு பைக் வந்து நிற்கும் சத்தமும், "ஹாரன் அடிச்சா வழிய விட்டு மாறுவனா? திருப்புலே வண்டிய," என்ற அந்த அம்மாவின் அதட்டலும் கேட்டன. என் கையில் இன்னும் கொஞ்சம் பலம் வந்தது.

குழாய் வெடித்தது. இதுவரை கேட்டிராத சத்தம் அது, காது அடைத்துப்போனது. எல்லோரும் குனிந்துவிட்டோம். போய்ப் பார்த்தபோது மூடி பாதையைக் குறுக்கே தாண்டி ஒரு ரப்பர் மரத்தில் நெஞ்சு உயரத்தில் அடித்திருந்தது. பால் வெட்டும் கத்தி படாத இடத்தில் பட்டை கிழிந்து ரப்பர் பால் வடிந்தது. குழாய்ச் சில்லுகள் பாதை முழுக்கக் கிடந்தன. அம்மா மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இரண்டு நாள் என்னோடு அவள் பேசவில்லை; சோறு மட்டும் வைத்தாள்.

மேலே ஓடினேன். அந்த அம்மா மூட்டைத் துணியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்காவது பட்டுதா?"

"இல்ல."

"பயந்துட்டியா, மக்களே?"

"பயந்துட்டேன்," என்றேன். படித்து முடித்து வந்த நாளிலிருந்து யாரிடமும் நான் சொல்லியிராத சொல் அது. அழுகை வந்தது.

"நானுந்தான்," என்று சிரித்தார். "இனி அந்தச் சனியன் வேண்டாம், கேட்டியா?" மூட்டையைத் தலையில் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு போர்வை வாங்கிக்கொள் என்றுகூடக் கேட்காமல் இறங்கிப் போனார். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதன்பிறகு துணி விற்க வேறு பெண்கள் வருகிறார்கள், அவர் வரவில்லை.

டிரை ஐஸை மூடிய எதிலும், ஒரு தண்ணீர் பாட்டிலில்கூட, போட்டு அடைக்காதீர்கள். வீடியோவில் அது விளையாட்டாகத்தான் தெரியும். நான் இப்போதும் தனியாகத்தான் படிக்கிறேன், பகலில் வீட்டில் இப்போதும் யாருமில்லை. ஆனால் "என்னால் முடியவில்லை, வந்து நில்லுங்கள்" என்று ஒருவரிடம் சொல்வது படித்தவளுக்கு இழுக்கு என்று எனக்குள் இருந்து நினைத்துக்கொண்டிருந்த பெண் அன்றைக்கு அந்தப் பாதையோடு போய்விட்டாள்.