வலது பக்கத்துப் பாக்கெட்

திருப்பதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே, ஓர் அமெரிக்க மோட்டார் தொழிற்சாலையின் பழைய புகைப்படம் மாட்டியிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். நீளமான கொட்டகைக்குள், இரும்புத் தாங்கிகளின் மேல் வரிசையாகப் பன்னிரண்டு கார் இஞ்சின்கள். அவற்றுக்கு முன்னால் தொப்பி போட்ட ஏழு தொழிலாளிகள். படத்தில் எங்கும் ஓர் எழுத்துகூடக் கிடையாது. கம்பெனிப் பெயரும் இல்லை, வருடமும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று, இது எந்த வண்டியின் இஞ்சின் என்று கேட்பார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதையை ஆரம்பிப்பேன். அந்தக் கதையில் பதினோரு வருடமாக ஒரு பொய் இருந்தது. அதற்குக் காரணம் என் சகலை.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். பாகாலாக்காரர், பஸ் டெப்போவில் மெக்கானிக். எழுதும்போது ‘அவர்’ என்று மரியாதையாகப் போடுகிறேன். மனசுக்குள் எப்போதும் ‘அவன்’தான். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தியவன். சித்தூரில் மாமனார் வீட்டுத் தெருவில் என்னைத் தெலுங்கில் ‘இஞ்சினீர் அல்லுடு’, இஞ்சினீயர் மாப்பிள்ளை, என்பார்கள். நாலு வருடம் அந்த வீட்டுக்கு நான் ஒரே மாப்பிள்ளை. சகலை வந்தார், எல்லாம் போச்சு. எனக்கு நாற்காலி போடுவார்கள், அவர் தரையில் உட்கார்ந்துகொள்வார். ஆனால் பேச்சும் சிரிப்பும் தரையில்தான் நடக்கும். அத்தை எனக்குத் தட்டு நிறையப் பரிமாறிவிட்டு, ஆபீசர் முன்னால் நிற்கிற மாதிரி ஒதுங்கி நிற்பார். சகலையிடம் போய், “இன்னா மாப்ள, கோழி கொத்தற மாதிரி துன்றீங்க” என்று அதட்டி, குழம்பில் துழாவி ஈரல் துண்டாகப் பார்த்துப் போடுவார். ஈரலுக்காகவா பொறாமைப்பட்டாய் என்று கேட்பீர்கள். ஆமாம், ஈரலுக்காகத்தான்.

படம் மாமனாருடையது. அவர் சித்தூரில் ஒரு வெல்ல மண்டி முதலாளிக்கு டிரைவராக இருந்தார். முதலாளி மெட்ராசிலிருந்து பெரிய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கிய அன்று, விற்ற கடைக்காரர் இந்தப் படத்தை எடுத்துக் கொடுத்து, உங்கள் வண்டியின் இஞ்சின் செய்த இடம் இதுதான் என்றாராம். முதலாளிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? மாமனார்தான் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினார். அந்த இஞ்சினைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவர் ஒருவர்தான், வேறு எவனையும் கை வைக்க விட்டதில்லை. கார் பிற்பாடு விலை போயிற்று. இஞ்சினை மட்டும் எவரோ வாங்கிக் கரும்பு ஆலைக்கு மாட்டி, அது ஓய்கிற மட்டும் ஓட்டிவிட்டு உடைத்துப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது படம்தான். அதிலும் அவருக்கு ஒரு குறை. அவர் வண்டியில் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பார்த்தால் கார்பரேட்டரும் புகைக் குழாயும் இடது பக்கம். படத்தில் பன்னிரண்டு இஞ்சினிலும் வலது பக்கம்.

“கடைக்காரன் ஏமாத்திட்டான்பா. எவன் வண்டி இஞ்சினையோ காட்டி நம்மளுதுன்னு சொல்லிட்டான்” என்பார். உடனே படத்துக் கண்ணாடியை விரலால் தொட்டு, “ஆனா ஜாடை நம்மளுதாட்டமே கீது” என்பார்.

எண்பது தாண்டி உடம்பு தளர்ந்த சமயத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “நீ படிச்சவன். இது நம்ம இஞ்சினா இல்லியா, ஒரு முடிவா சொல்லிடு. தெரிஞ்சிக்கினு போறேன்” என்றார். சகலையைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படத்தை போனில் எடுத்துக்கொண்டு வந்து இரண்டு மாதம் அதுவே வேலையாக இருந்தேன். அந்தக் காலத்து அமெரிக்க இஞ்சின்களின் படங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் தேடினேன். சிலிண்டர் ஆறா எட்டா என்று பார்த்தேன், மேல் மூடியின் போல்ட்டுகளை எண்ணினேன். ஆறு சிலிண்டர்தான். போல்ட் கணக்கு மாமனார் சொன்ன வண்டிக்கே பொருந்தியது. ஆனால் பக்கம் பொருந்தவில்லையே! வலது பக்கம் கார்பரேட்டர் வைத்த வேறொரு கம்பெனியின் இஞ்சின் அகப்பட்டது. அதில் போல்ட் இரண்டு குறைந்தது. படம் மங்கல், எண்ணியதில் பிசகியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முடிவு என் கையில் இருக்க வேண்டும் என்கிற அவசரம்.

பொங்கல் முடிந்து கறி எடுக்கிற நாளில், எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது எழுந்து நின்றேன். “நல்லா ஆராய்ச்சி பண்ணிட்டேன் மாமா. இது உங்க இஞ்சின் இல்ல” என்றேன். மாமனார், “செரிப்பா” என்றார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

சகலை அப்போதுதான் கொல்லையில் கை கழுவிவிட்டு, ஈரக் கையை லுங்கியில் துடைத்தபடி உள்ளே வந்தார். படத்தருகே போய் நின்றார். இஞ்சினைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தார்.

“அண்ணா, இவனுங்க பென்சில எந்தப் பக்கம் சொருகிக்கினு கீறானுங்க பாத்தீங்களா?”

“அதுக்கும் இஞ்சினுக்கும் இன்னா சம்பந்தம்?” என்றேன்.

“பாக்கெட்டு வலது பக்கம் கீது அண்ணா. டெப்போல எங்க எல்லாருக்கும் எடது பக்கம்தான். சோத்துக் கையால எடுக்கணும் இல்ல? ஒருத்தனுக்கு டெய்லர் தப்பா தச்சிருப்பான். ஏழு பேருக்குமா தப்பா தைப்பான்?”

கொல்லைக்கு ஓடி, மாமனார் சவரம் செய்துகொள்கிற கண்ணாடியை எடுத்து வந்தார். படத்தை ஆணியிலிருந்து இறக்கிக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். கண்ணாடிக்குள் பென்சில்கள் இடது பக்கம் வந்தன, கார்பரேட்டர்களும் இடது பக்கம் வந்தன. பிரிண்ட் போட்டவன் பிலிமைத் திருப்பி வைத்துப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான். மாமனார் தவழாத குறையாக நகர்ந்து வந்து கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நம்மளுதுடா! டேய், நம்மளுதேதான்டா!” என்று சகலையின் தோளில் அடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. என்னை அவர் ஒரு நாளும் ‘டா’ போட்டுக் கூப்பிட்டதில்லை.

அந்த எரிச்சலில் வாய் தானாகத் திறந்தது. “எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துது மாமா. பாக்கெட் விஷயத்தக் காலையிலயே தம்பிகிட்ட சொன்னேன்” என்றேன்.

சகலை என்னை ஒரு நொடி பார்த்தார். மறுத்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அவர் மறுக்கவில்லை. “ஆமா மாமா, அண்ணன்தான் பாக்கெட்ட காட்னாரு. கண்ணாடி எடுத்தாந்தது மட்டும்தான் நானு” என்றார். தோசையில் ஒரு விள்ளல் பிய்த்துக் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி, “நெஜமாவே நீங்கதான் சொன்னீங்களா?” என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடத்தில் மாமனார் போய்ச் சேர்ந்தார். போகும் முன்னால் அத்தையிடம் சொல்லி வைத்திருந்தாராம், போட்டோ பெரிய மாப்பிள்ளைக்கு, சவரக் கண்ணாடி சின்ன மாப்பிள்ளைக்கு என்று. கண்ணாடிக்குச் சொந்தக்காரர் என்று உறவுக்காரர்கள் சகலையைக் கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன், எனக்குள் கொஞ்சம் வெற்றியும் இருந்தது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. கண்ணாடி இல்லாமல் இந்தப் படம் தப்பான படம் ஆயிற்றே! கிழவருக்கு என் பொய் தெரிந்திருக்குமோ? இன்றுவரை எனக்கு விடை தெரியாது. அந்தக் கேள்வியை அமுக்கத்தான் வருகிறவர்களிடம் எல்லாம் பொய்யை இன்னும் சத்தமாகச் சொல்லிவந்தேன்.

போன மாதம், பழைய கார்களைப் பற்றி வீடியோ எடுக்கிற மாணவர்கள் சிலர் வந்தார்கள். வழக்கம்போலச் சொல்லி முடித்தேன். ஒரு பெண் கேட்டாள். “சார், ரெண்டு மாசம் போல்ட்டு எண்ணிக்கினு இருந்தேன்னு சொல்றீங்க. பாக்கெட்ட எப்ப பாத்தீங்க?” இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. “நான் பாக்கலம்மா. என் சகலை பாத்தாரு” என்றேன். அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் பாகாலாவுக்கு போன் போட்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை, மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். மாமனார் வீட்டு இஞ்சின் போட்டோ, பாக்கெட், என் பொய், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

“அது நீங்கதானே அண்ணா காட்னீங்க?” என்றார் சகலை.

“இல்ல தம்பி, நீங்கதான். நான் பொய் சொன்னேன்.”

“அப்டியா? இருக்கும் அண்ணா, நமக்கு எங்க அதெல்லாம் ஞாபகம் கீது. மாமா கண்ணாடி மட்டும் கீது, தெனம் அதுலதான் மொகம் வழிச்சிக்கிறேன். ஞாயித்துக்கெழம அக்காவ இட்டுக்கினு வாங்க. உங்களுக்கு ஈரல் புடிக்குமே, எடுத்து வெக்கச் சொல்றேன்.”

போனை வைத்துவிட்டுப் படத்தின் முன்னால் நின்றேன். ஏழு பேரும் வலது பக்கத்துப் பாக்கெட்டில் பென்சிலைச் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருடமாக நான் திருடி வைத்துக் காவல் காத்த பொருள், காணாமல் போனதே அவருக்குத் தெரியாது. அத்தையின் ஈரல் துண்டை விட்டுவிட்டேன், மாமனார் சொன்ன அந்த ‘டா’வைக்கூட விட்டுவிடலாம். சகலையின் இந்த மறதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.